டைனோசர், புதைபடிவம், அரியலூர்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் புவியியல் படித்தவன் இல்லை. புதைபடிவங்கள் மீது தீராத ஆசை கொண்டவன், அவ்வளவுதான். இந்த ஆசை தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் டைனோசர்கள் இருந்தனவா?

இருந்தன. அரியலூர்ப் பக்கம் கல்லமேடு என்ற ஊரைச் சுற்றியுள்ள மணற்கல், களிமண் படிவுகளில் அவற்றின் எலும்புகளும் பற்களும் கிடைத்திருக்கின்றன. அந்தப் படிவுகள் கிரீட்டேசியஸ் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை. அதாவது, உலகம் முழுவதும் டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முந்தைய காலம். சார்லஸ் ஆல்ஃபிரட் மேட்லி என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் 1929இலேயே திருச்சி மாவட்டத்து டைனோசர்கள் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அப்போது அரியலூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அருங்காட்சியகத்தில் நிற்கவைக்கும் அளவுக்கு முழு எலும்புக்கூடு எதுவும் தமிழ்நாட்டில் கிடைக்கவில்லை. கிடைத்தவை எல்லாம் துண்டுகள்தான். இந்தியாவில் எலும்புக்கூடாகப் பார்க்க வேண்டுமென்றால் கொல்கத்தா போக வேண்டும். அங்கே இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பாராபசாரஸ் நிற்கிறது. கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த, ஜுராசிக் காலத்தைச் சேர்ந்த தாவர உண்ணி அது. 1975இல் பெயரிட்டபோது தாகூரின் நினைவாக டாகோரை என்ற சிற்றினப் பெயரையும் சேர்த்தார்கள்.

உலகத்திலேயே பெரிய டைனோசர் அரியலூரில்தான் கிடைத்தது என்கிறார்களே, உண்மையா?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து ஒரு புதிய விலங்கை அறிவித்தார்கள். பெயர் புருஹத்காயோசாரஸ் மேட்லியை. இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு, முன்னங்கால் எலும்பு ஒன்று, வால் முள்ளெலும்பு ஒன்று ஆகியவை அவர்கள் பட்டியலில் இருந்தன. கணைக்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அந்த ஓர் எலும்பே ஆள் உயரத்தை மிஞ்சிவிடும்.

முதலில் இதை ஊன் உண்ணும் வகை என்று வகைப்படுத்தினார்கள். பிறகு ஆய்வாளர்கள் அதை நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிகளில் ஒன்றான டைட்டனோசர் கூட்டத்தில் சேர்த்தார்கள். எலும்பே இல்லை, கல்லாய்ப்போன மரத்தண்டாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. கையில் எலும்பு இருந்தால் இந்தச் சந்தேகத்தை ஒரு நாளில் தீர்த்துவிடலாம். துரதிர்ஷ்டம், அவை நொறுங்கிப்போய்விட்டன. மிஞ்சியவை வரைபடங்களும் பழைய நிழற்படங்களும்தான். அந்தப் படங்கள் 2022இல் வெளியானபோது விவாதம் மறுபடி சூடு பிடித்தது. 2023இல் வந்த ஒரு மதிப்பீடு இதன் எடை 100 டன்னைத் தாண்டியிருக்கலாம் என்கிறது. அது சரியென்றால் நீலத் திமிங்கலத்தோடு ஒப்பிடும் அளவு.

என் கருத்தைக் கேட்டால், கல்லமேட்டில் மிகப் பெரிய டைட்டனோசர் ஒன்று நடமாடியது என்பதை நம்புகிறேன். "உலகத்திலேயே பெரியது" என்ற பட்டத்தை, எலும்பே கையில் இல்லாத விலங்குக்குக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை. அந்த நிலம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த எலும்பு மழையில் வெளியே தெரியும்போது, அதைக் கட்டுப்போட்டுக் காப்பாற்றும் ஏற்பாடு நம்மிடம் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை எல்லாம்.

கல்லமேட்டில் வேறு என்ன கிடைத்தது?

இதைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். பெரிய எலும்பைத் தேடுவதற்குப் பதிலாக, மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளிப்போய் நீரில் கரைத்து, சல்லடையில் சலித்து, மிஞ்சும் துகள்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. பொறுமை வேண்டிய வேலை. அப்படித் தேடியவர்களுக்குக் கல்லமேட்டு மண் நன்றாகவே கொடுத்தது. 2013இல் ட்ரூடோன்டிட் என்ற டைனோசர் வகையைச் சேர்ந்த சின்னஞ்சிறு பல் ஒன்றை அறிவித்தார்கள். பறவைகளுக்கு நெருங்கிய உறவான இந்த வகை அதுவரை வட கண்டங்களில் மட்டும்தான் தெரிந்திருந்தது. அதே ஆண்டு, மடகாஸ்கரில் வாழ்ந்த சிமோசூக்கஸ் என்ற மொட்டை மூக்கு முதலைக்கு உறவான ஒன்றின் பல்லையும் அறிவித்தார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பிரிந்தவை. அந்தப் பழைய உறவு அரியலூர் மண்ணில் ஒரு பல்லாகக் கிடக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

அரியலூரில் டைனோசர் முட்டைகள் இருக்கின்றனவா?

2009இல் செந்துறைப் பக்கம் நூற்றுக்கணக்கான முட்டைகள் கிடைத்ததாகச் செய்தி வந்தது. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே குளம் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிவர, "டைனோசர் முட்டை" என்று படங்கள் கைப்பேசிகளில் பறந்தன. போய்ப் பார்த்த நிபுணர்கள், அவை முட்டைகள் இல்லை, கடல் படிவுகளில் உருவாகும் கல்லுருண்டைகளும், அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடல் உயிரியின் படிவங்களும்தான் என்று விளக்கினார்கள்.

உருண்டையாக இருப்பது முட்டைக்கு அடையாளம் ஆகாது. கடலடிச் சேற்றில் ஒரு சிப்பியோ இலைத்துண்டோ கிடக்கும். அதைச் சுற்றிச் சுண்ணாம்புச்சத்து படிந்து இறுகினால் அச்சு அசல் முட்டை மாதிரியே உருண்டைக்கல் உருவாகிவிடும். முட்டைக்குச் சாட்சி ஓடுதான். ஓட்டில் ஒரு சில்லை எடுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், வரிசையாக நிற்கும் கால்சைட் படிகங்களும் அவற்றுக்கு நடுவே குஞ்சு மூச்சுவிட இருந்த நுண்துளைகளும் தெரிய வேண்டும். ஓடு இல்லாத உருண்டையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "ஓட்டைப் பார்த்தீர்களா?" என்பதைத்தான்.

உண்மையான முட்டைகளைப் பார்க்க வேண்டுமானால் குஜராத்தின் ராயோலி, மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டம் ஆகியவை இருக்கின்றன. நர்மதைப் பள்ளத்தாக்கில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் பதிவானதாக 2023இல் ஓர் ஆய்வு வந்தது. குஜராத்தில் கிடைத்த ஒரு கூட்டில், முட்டையைச் சுற்றி வளைந்த நிலையிலேயே ஒரு பாம்பும் புதைந்து கல்லாகியிருந்தது. பொரித்து வெளிவந்த குஞ்சின் எலும்புகளும் பக்கத்திலேயே இருந்தன. அந்தப் பாம்புக்கு 2010இல் சனாஜே இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள்.

அரியலூரில் பெரும்பாலும் சிப்பியும் சங்கும்தான் கிடைக்கின்றன. ஏன்?

அப்போது அது கடலாக இருந்த இடம். டைனோசர்கள் நிலத்தில் வாழ்ந்தவை. கடலடிப் படிவுகளில் டைனோசரைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

தென்கண்டங்கள் ஒன்றாக ஒட்டியிருந்த காலத்தில் நம் கிழக்குக் கரைக்கு எதிரே அன்டார்க்டிகா இருந்தது. அவை பிரியும்போது நிலம் விரிந்து பள்ளமானது. காவிரிப் படுகை அப்படி வந்ததுதான். அந்தப் பள்ளத்துக்குள் கடல் ஏறியது, பின்வாங்கியது, மறுபடி ஏறியது. ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி டைனோசர்கள் அழிந்த காலத்தையும் தாண்டி இது நடந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு அடுக்கு படிந்தது. உலகத்தில் கிரீட்டேசியஸ் கடலைப் படிக்க விரும்புகிறவர்கள் இந்தப் பகுதியைத் தவிர்க்க முடியாது என்று சொல்லும் அளவுக்கு இங்கே உயிரினங்கள் செறிந்து கிடக்கின்றன.

வெள்ளைக்காரர்களுக்கு இது 1840களிலேயே தெரியும். கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேகரித்தவற்றை லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதி முழுவதையும் அளந்து வரைபடம் போட்டார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற இளைஞர் ஐரோப்பாவிலிருந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு வந்து, இங்குள்ள அம்மோனைட்டுகள், சங்குகள், சிப்பிகள் என வகைவகையாக விவரித்துப் பெரிய தொகுதிகளாக எழுதி முடித்தார். 1874இல், மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார். அப்போது வயது 36தான். இன்றைக்கும் ஒரு அரியலூர்ச் சிப்பிக்குப் பெயர் தேடினால் அவர் வரைவித்த படத்தட்டுகளில்தான் போய் நிற்க வேண்டும்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். இங்குள்ள அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்திருக்கின்றன. அதனால் மேற்கே பழையவை, கிழக்கே போகப் போகப் புதியவை. ஒரே நாளில் கோடிக்கணக்கான ஆண்டுகளை முன்னோக்கிக் கடந்துவிடலாம்.

பெரம்பலூர் மாவட்டத்துத் தெரணியில் வெள்ளைக் களிமண் குவாரிகள் உண்டு. கடல் வருவதற்கு முந்தைய நிலம் அது. களிமண்ணைப் பிளந்தால் டைலோஃபில்லம் என்ற செடியின் சீப்பு போன்ற இலைகள் பதிந்திருக்கும். அடுத்து காரை. மழைநீர் அரித்து அரித்து, புல்கூட முளைக்காத மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் களிநிலம். வெயிலில் ஜிப்சம் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும். குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில், தேன் நிறத்தில், ஒரு பக்கம் கூராகத் துப்பாக்கித் தோட்டாவின் வடிவில் கற்கள் சிதறிக் கிடக்கும். அவை பெலம்னைட்டுகள். கணவாய் மீனுக்கு உறவான ஒரு கடல் உயிரியின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி. ஏற்கெனவே உடைந்து கிடக்கும் ஒன்றின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து கதிர்கதிராக விரியும் படிகங்களும் அவற்றைச் சுற்றி வளையங்களும் தெரியும். இதே களிமண்ணில் சுறாப் பற்களும், மீன்வடிவக் கடல் ஊர்வனவான இக்தியோசார்களின் பற்களும் கிடைத்திருக்கின்றன.

அப்புறம் கருடமங்கலம். இங்குள்ள கல் முழுக்கச் சங்கும் சிப்பியும்தான். மெருகேற்றிய பலகையில் அவற்றின் குறுக்குவெட்டு வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு தெரியும். ஆங்கிலேயர் காலத்தில் இதைத் திருச்சிராப்பள்ளி மார்பிள் என்று அலங்காரக் கல்லாகப் பயன்படுத்தினார்கள்.

அரியலூர் நகரை ஒட்டிக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். கிரைஃபியா என்ற, தடித்து வளைந்த ஓடுடைய சிப்பிகள் கரைகரையாகக் குவிந்து உருவான கல் அது. சிமென்ட் ஆலைகள் எல்லாம் அரியலூரைத் தேடி வந்ததற்கு இந்தச் சிப்பிகளே காரணம். தமிழ்நாட்டில் வீடு கட்டியவர்களில் பலர், தெரியாமலே கிரீட்டேசியஸ் கடலைச் சுவரில் பூசியிருக்கிறார்கள்.

சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். ஆழமான குழிகள், வெடிவைக்கும் இடங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள அரசு புதைபடிவ அருங்காட்சியகத்தில் தொடங்குவது நல்லது. அங்கே பார்த்துவிட்டு வெளியே போனால் கண்ணுக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

சாத்தனூர் கல்மரமும் திருவக்கரை கல்மரமும் ஒன்றா?

இல்லை. இரண்டுக்கும் நடுவே பல கோடி ஆண்டுகள் இருக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடப்பது கிரீட்டேசியஸ் காலத்து ஊசியிலை மரம். 18 மீட்டர் நீளம். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியலாளர் இதை வெளியுலகுக்குத் தெரிவித்தார். கடற்படிவுகளுக்கு நடுவே கிடப்பதால், கரையோரக் காட்டிலிருந்து அடித்து வரப்பட்டுக் கடலடியில் புதைந்த மரம் என்று விளக்குகிறார்கள். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் இருப்பவை ஏறக்குறைய 2 கோடி ஆண்டு வயதுள்ளவை. டைனோசர்கள் போய் வெகுகாலம் ஆன பிறகு வளர்ந்த மரங்கள். அவற்றைப் பற்றி 1781இலேயே சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியிருக்கிறார். இரண்டு இடங்களையும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்திருக்கிறார்கள்.

மரம் கல்லாக "மாறுவது" எப்படி என்றும் கேட்பார்கள். புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் ஊறும். நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா, மரத்தின் செல்களுக்குள் படிந்து இறுகும். மரம் மட்கிப்போனாலும் வடிவம் கல்லில் நிற்கும். அதனால்தான் ஆண்டு வளையங்களையும் கணுக்களையும் இன்றைக்கும் பார்க்க முடிகிறது.

அம்மோனைட் என்பது நத்தையா?

பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது கணவாய், ஆக்டோபஸ் இனத்தைச் சேர்ந்தது. நத்தையின் சுருள் உள்ளே ஒரே குழாயாகப் போகும். அம்மோனைட்டின் சுருள் சுவர்களால் அறை அறையாகப் பிரிந்திருக்கும். கடைசி அறையில் உயிர் வசிக்கும், மற்ற அறைகளில் வாயுவை நிரப்பி மிதக்கும். மேலோடு தேய்ந்துபோன அம்மோனைட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்தால், அறைச்சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் நெளிநெளியாக, இலையின் விளிம்பு போல மடிந்து மடிந்து போகும் கோடுகள் தெரியும். இனத்துக்கு இனம் அந்த நெளிவு வேறு. முதல் முறை அதைக் கையில் வைத்துப் பார்க்கிறவர் யாரும் சட்டென்று கீழே வைப்பதில்லை.

பூஜையில் வைக்கும் சாளக்கிராமம் பலவும் அம்மோனைட்தான். நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் உருண்டு வரும் கருங்கல்லுக்குள் ஜுராசிக் காலத்து அம்மோனைட்டின் சக்கரம் இருக்கும். அதை வணங்குகிறவர்களும் அதைப் படிக்கிறவர்களும் ஒரே பொருளை மதிக்கிறார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

இத்தனை கோடி ஆண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்? கார்பன் சோதனையா?

கார்பன்-14 முறை ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் வரைதான் பயன்படும். டைனோசர் விஷயத்தில் அதற்கு வேலையே இல்லை. எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் உள்ள கதிரியக்கத் தனிமங்கள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்று அளந்து வயது கணிப்பார்கள். அரியலூர் போன்ற இடங்களில் அம்மோனைட்டுகள்தான் உதவுகின்றன. ஒவ்வோர் இனமும் கொஞ்சக் காலமே வாழ்ந்தது, ஆனால் உலகக் கடல்களில் பரவியிருந்தது. வேறு நாட்டில் வயது கணித்த அடுக்கில் இருக்கும் அதே இனம் இங்கேயும் இருந்தால், இந்த அடுக்கும் அந்தக் காலம்தான்.

டைனோசர்கள் ஏன் அழிந்தன? அதற்கும் அரியலூருக்கும் தொடர்பு உண்டா?

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலுப்பில் ஒரு விண்கல் மோதியது. விண்கற்களில் அதிகம் உள்ள இரிடியம் என்ற உலோகம் உலகெங்கும் அந்தக் காலத்து மண்ணில் கூடுதலாக இருப்பதைக் காட்டி, இப்படி ஒரு மோதல் நடந்திருக்க வேண்டும் என்று 1980இல் ஆல்வாரெஸ் குழுவினர் சொன்னார்கள். அதே காலகட்டத்தில் தக்காணத்தில் எரிமலைகள் கக்கிக்கொண்டிருந்தன. எதன் பங்கு எவ்வளவு என்ற வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. மோதல்தான் முக்கியக் காரணம் என்பது பெரும்பான்மையோர் கருத்து.

அரியலூரில் இதன் சுவடு அழகாகத் தெரியும். கடல் பின்வாங்கி ஆறுகள் பாய்ந்த காலத்துப் படிவு கல்லமேடு. அங்கேதான் டைனோசர்கள். அதற்கு மேல் கடல் மறுபடி ஏறி வந்து விட்டுச்சென்றது நின்னியூர்ப் படிவு. அதில் டைனோசரும் இல்லை, அம்மோனைட்டும் இல்லை. ஆனால் அம்மோனைட்டின் தூரத்து உறவான நாட்டிலஸ் வகை இருக்கிறது. அறைச்சுவர்க் கோடுகளை வைத்து இரண்டையும் பிரித்தறியலாம். ஒன்று அழிந்தது, மற்றொன்று பிழைத்தது. இன்றும் பசிபிக் கடலில் நாட்டிலஸ் நீந்துகிறது.

பறவைகள் டைனோசர்களா?

ஆமாம். ஊன் உண்ணும் டைனோசர்களின் ஒரு கிளைதான் பறவைகள். காக்கையும் சேவலும் அந்தக் கிளையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

பட்டம் இல்லாதவர் இந்தத் துறைக்கு ஏதாவது பங்களிக்க முடியுமா?

தாராளமாக. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் இக்தியோசார், பிளீசியோசார் ஆகிய கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளைத் தோண்டியெடுத்த மேரி ஆன்னிங் பள்ளிப்படிப்புக்கே வழியில்லாத தச்சர் வீட்டுப் பெண். இகுவானோடான் என்ற டைனோசருக்கு 1825இல் பெயரிட்ட கிடியன் மான்டெல் ஊர் மருத்துவர். 1983இல் சர்ரேயில் ஒரு களிமண் குழியில் டைனோசரின் பெரிய நகத்தைக் கண்டெடுத்த வில்லியம் வாக்கர் குழாய் வேலை பார்ப்பவர். பேரியோனிக்ஸ் வாக்கரி என்று அந்த விலங்குக்கு அவர் பெயரையே சேர்த்தார்கள். மூவரும் கண்டதைப் பதுக்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் கைக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டார்கள்.

அங்கே போனால் ஒன்றிரண்டு எடுத்து வரலாமா?

கல்மரப் பூங்காக்களிலும் நினைவுச் சின்னப் பகுதிகளிலும் ஒரு சில்லுகூடத் தொடக் கூடாது. மற்ற இடங்களிலும் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். நான் யாருக்கும் சொல்வது, படம் எடுங்கள் என்பதுதான். எந்த அடுக்கில், எந்த இடத்தில் கிடந்தது என்ற குறிப்பு இல்லாமல் அலமாரிக்குப் போன புதைபடிவம் தன் கதையில் பாதியை இழந்துவிடுகிறது. காரையில் கூடை கூடையாக அள்ளிப் போகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

எலும்பு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் என்ன செய்வது?

தோண்டாதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, இல்லாவிட்டால் பேனாவாவது வைத்து, கிட்டத்திலும் தூரத்திலும் படம் எடுங்கள். கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடைந்த முகத்தில் பஞ்சு போன்ற துளைகள் தெரிகின்றனவா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். எலும்பின் உட்புறம் அப்படித்தான் இருக்கும். வெறும் கல்லாக இருந்தால் ஒரே சீராக இருக்கும். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ, அருகில் உள்ள கல்லூரியின் புவியியல் துறைக்கோ தெரிவியுங்கள்.

எந்த மாதத்தில் போகலாம்?

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறந்ததும். மழை மேல்மண்ணைக் கழுவிப் புதிதாகச் சிலவற்றை வெளியே கொண்டுவந்திருக்கும். வெயிலும் தாங்கும்படி இருக்கும். காரையில் நிழல் என்பதே கிடையாது. காலை 7 மணிக்கே இறங்கிவிடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் சிப்பியின் வரிகள் நன்றாகத் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் வெறும் கல்லாகத்தான் தோன்றும். தொப்பி, நிறையத் தண்ணீர், 10 மடங்கு உருப்பெருக்கி, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.